இரண்டு மணிக்குள் சொல்ல வேண்டியது

அந்தத் திருவிழாவுக்குப் போன அன்று காலையில் என் கணவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார். எனக்கு அதுதான் பெரிய உபத்திரவம். ஏற்கெனவே கோபமாக இருக்கிற மனிதரிடம் இன்னொரு சங்கதியைச் சேர்த்துச் சொல்லிவிடலாம். கூட இரண்டு சத்தம் போடுவார், அவ்வளவுதான். கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று தலை சீவி, "ஏ, கிளம்பலையா இன்னும்?" என்று சிரிக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது?

விஷயம் இதுதான். ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள், அந்த ஊர்ப் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்திருந்தாள். நாங்கள் அவளைப் பார்க்கத் திண்டுக்கல்லிலிருந்து கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு எனக்குப் போன் செய்து சொன்னாள். "அப்பாகிட்ட நீயே சொல்லிரும்மா. நான் சொன்னா அழுதுருவேன்" என்றாள். சரி என்றேன். மறுநாள் காலை ஏழு மணிக்கே போன், அவள் ஊரில் இன்னும் விடியக்கூட இல்லை. "சொல்லிட்டியா?" அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "சொல்லிட்டேன்" என்றேன். "என்ன சொன்னாங்க?" "ஒண்ணும் சொல்லலை. யோசிக்கிறாரு." உண்மையில் நான் அவரிடம் வாயே திறக்கவில்லை.

அவர் கோபம் ஊரறிந்தது. அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர், அதில் பாதி கன்னிவாடி ரூட்டில். அவருடைய தம்பி மகன் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டபோது இவர் ஒரு வருஷம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நல்லது கெட்டது எதற்கும் போகவில்லை. தீபாவளிக்கு அந்தப் பையன் இனிப்போடு வந்தான். இவர் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். சொந்தத் தம்பி மகனுக்கே இப்படி என்றால் பெற்ற பெண்ணுக்கு எப்படி இருக்கும்? அதனால் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். விசா வரட்டும், பெட்டி கட்டி முடியட்டும், விமானத்தில் ஏறட்டும். விமானத்தில் ஏறியதும் அவர் தூங்கிவிட்டார், எழுப்பவா முடியும்?

பெட்டி கட்டும்போதே ஒரு இடறல் வந்தது. சின்னாளபட்டி என் பிறந்த ஊர். அங்கே சுங்குடிச் சேலை எடுத்து வாட்ஸப்பில் விற்பது என் தொழில். பையனின் அம்மாவுக்கு ஒரு சேலை கொண்டுவரச் சொல்லியிருந்தாள் மகள். அரக்கில் மஞ்சள் கரை போட்டது ஒன்றை எடுத்து, முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். இவர் பார்த்துவிட்டார். "யாருக்கு இது?" "அவ ஆபீஸ்ல ஒரு அம்மா கேட்டாங்களாம்." "நல்ல சேலையா எடுத்திருக்கியே, மெனக்கெட்டு" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் முறுக்கில் மறைத்தேன்.

போய் இறங்கிய நாலு நாளும் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. அப்பாவுக்கு எல்லாம் தெரியும், மௌனமாக யோசிக்கிறார் என்று மகள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அவருக்கோ ஒன்றும் தெரியாது. இரண்டு பேரும் தனியாக ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் என் குட்டு உடையும். அதனால் நான் அவர்களை விடவே இல்லை. அவர் பால்கனிக்குப் போனால் பின்னாலேயே போனேன். அவள் காபி கொண்டுபோனால் பாதி வழியில் வாங்கிக்கொண்டேன். "என்னடி இது, புதுசா என்மேல இம்புட்டுப் பிரியம்?" என்று இவர் கிண்டல் செய்தார். பையன் வேலை விஷயமாக வேறு ஊரில் இருந்தான், அது ஒன்றுதான் எனக்கு வசதி. அந்த வசதியும் ஐந்தாம் நாள் முடிந்தது. ஊரில் பெரிய பீர்த் திருவிழா, பையன் கிராமத்திலிருந்து தன் அம்மா அப்பாவை அழைத்து வருகிறான், அங்கே ஒரு சாப்பாட்டுப் பந்தலில் மேஜை பதிவு செய்திருக்கிறான், மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் சந்திக்கிறோம் என்று மகள் சொன்னாள்.

அவரிடமும் அவளே சொன்னாள். "ரெண்டு மணிக்கு அவங்க வந்துருவாங்கப்பா."

அவர் தலையை ஆட்டிவிட்டு, அவள் நகர்ந்ததும் என்னிடம் கேட்டார். "அவங்கன்னா யாரு?"

"கூட வேலை பார்க்குறவங்க."

"வரட்டும், வரட்டும். நாலு பேரைப் பார்த்தாத்தானே நமக்கும் பொழுது போகும்."

ரயிலிலேயே கூட்டம் ஆரம்பித்துவிட்டது. தோல் கால்சட்டையும் கட்டம் போட்ட சட்டையுமாகப் பையன்கள், இறுக்கிய ரவிக்கையும் பாவாடையும் அதன்மேல் ஏப்ரனுமாகப் பெண்கள். எல்லோரும் பாடினார்கள், காலை பத்து மணிக்கே. இவர் பக்கத்தில் நின்றவனின் கால்சட்டையைத் தொட்டே பார்த்துவிட்டார். "நல்ல தோலு. நம்ம பேகம்பூர்ப் பக்கத்துல பதப்படுத்துனதா இருந்தாலும் இருக்கும்" என்றார். அவன் என்ன புரிந்துகொண்டானோ, இவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். நான் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெட்டி முழுக்க ஒரே குரலில் பாட்டு எழும்பியது. இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

மைதானத்துக்குள் நுழைந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. கூட்டம் எனக்குப் புதிதல்ல. மாசித் திருவிழாவில் அம்மன் கோவில் வாசலில் நசுங்காத வருஷம் கிடையாது, பூசத்துக்குப் பழனி போகிற கூட்டம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஒரு திசை உண்டு. எல்லோரும் சாமி இருக்கிற பக்கம் பார்த்து நகர்வார்கள். இங்கே சாமியும் இல்லை, திசையும் இல்லை. ஒரு பக்கம் தலைகீழாகச் சுழலும் ராட்டினத்தில் ஆட்கள் அலறுகிறார்கள், இன்னொரு பக்கம் பாதாமைச் சர்க்கரையில் வறுக்கும் வாசனை, நடுவில் தள்ளுவண்டியில் குழந்தைகள், ஒரு தாத்தா தொப்பியில் இறகு வைத்துக்கொண்டு தனியாக ஆடுகிறார். நான் வினாடிக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மடியில் கனம், எனக்கு வழியெல்லாம் பயம்.

பெரிய பெரிய இனிப்பு ரொட்டிகளை இதய வடிவத்தில் செய்து, மேலே எழுத்து எழுதி, கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மகள் அப்பாவுக்கு ஒன்று வாங்கிக் கழுத்தில் மாட்டினாள். மாட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் "எழுத்துல என்ன போட்டிருக்கு பாப்பா?" என்றார். "உலகத்துலேயே நல்ல அப்பான்னு." அவர் சிரித்தார். அவள் கண் கலங்கியது. நான் நடுவில் புகுந்து, "வாங்க வாங்க, வெயில் ஏறுது" என்று இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஏது வெயில்? பல் கிட்டுகிற குளிர்.

ராட்டின வரிசையில் நிற்கும்போது மகள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"அம்மா, அப்பா இன்னும் எங்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே. கோவமா இருக்காங்களா?"

"உங்கப்பா எதைத்தான் உடனே பேசினாரு?"

"நானே கேட்டுரட்டுமா?"

"வேணாம்! நீ கேட்காத. அவருக்கே தோணும்."

"இல்ல, வேணாம்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டா, அவங்க முன்னாடி... எனக்குப் பயமா இருக்கும்மா. ரெண்டு வருஷமா இந்த நாளைத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

அப்போது மணி பன்னிரண்டு. பெரிய ராட்டினத்தில் நானும் அவரும் மட்டும் ஏறுவதாகச் சொல்லி அவளைக் கீழே நிறுத்தினேன். எங்கள் கூண்டில் வேறு ஒரு குடும்பமும் ஏறியது. தமிழ் தெரியாதவர்கள், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மேலே போகப் போகக் கூட்டம் எறும்பு மாதிரி ஆனது. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலா பக்கமும் பார்த்தார். "நம்ம மலைக்கோட்டைலருந்து பார்த்தா இப்படித்தான் ஊர் தெரியும். என்ன, அங்க மலை நகராது" என்றார். நான் தொண்டையைச் செருமினேன்.

"ஏங்க, பாப்பா விஷயமா ஒண்ணு..."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்." அவர் கீழே அவளைத் தேடிக் கையசைத்துக்கொண்டே சொன்னார். "என் கூட வேலை பார்த்தவங்க பிள்ளைகளை எல்லாம் பாரு. உள்ளூர்லயே இருக்குதுக, அதுக மனசுல இருக்குறது பெத்தவனுக்குத் தெரியுதா? இவ இம்புட்டுத் தூரத்துல இருக்கா. ஒரு செருப்பு வாங்குனாக்கூட போட்டோ எடுத்து அனுப்புறா. நீ என்ன சொல்ல வந்தே?"

"இளைச்சுட்டான்னு சொல்ல வந்தேன்" என்றேன்.

கூண்டு இறங்கியது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அந்த ராட்டினம் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியது, இரண்டு சுற்றிலும் நான் பேசவில்லை.

ஒன்றரை மணிக்கு மகள் எங்களைச் சாப்பாட்டுப் பந்தலுக்கு அழைத்துப் போனாள். பந்தல் என்கிறேன், நம்மூர்க் கல்யாண மண்டபம் நாலைச் சேர்த்து வைத்தால் அந்த அகலம் வரும். உள்ளே நீள நீள மேஜைகள், பெஞ்சுகள், நடுவில் மேடை போட்டு ஊதுகொம்பும் மேளமுமாக வாத்தியக்காரர்கள். ஒரு பெண் இரண்டு கையிலும் சேர்த்துப் பத்துப் பீர்க் குவளை தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒவ்வொன்றும் நம் தண்ணீர்ச் செம்பு கணக்கு. எங்கள் மேஜையில் ஒரு எண்ணும், பையன் வீட்டுப் பெயர் எழுதிய தாளும் இருந்தன. மகள் எங்களை ஒரு பக்கத்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"இங்கேயே இருங்க. எடத்தை விட்டுராதீங்க. நான் வாசல்ல போய் அவங்களைக் கூட்டிட்டு வாரேன்."

எடத்தை விட்டுராதீங்க என்று அவரிடமா சொல்வது? நம்மூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள், அதற்காக நடக்கும் சண்டைகளுக்கெல்லாம் முப்பது வருஷம் நீதிபதியாக இருந்தவர். துண்டு போட்டவனுக்கே சீட்டு, ஆனால் வண்டி கிளம்புவதற்குள் ஆள் வந்து உட்கார வேண்டும். இது அவர் சட்டம். உடனே கழுத்துத் துண்டை உருவி, எதிர் பெஞ்சின்மேல் நீளவாக்கில் விரித்துப் போட்டார். போட்டுவிட்டு அதன் ஒரு நுனியில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏங்க, இது ரிசர்வ் பண்ணின மேஜை. துண்டெல்லாம் வேணாம்."

"ரிசர்வேசன் பெட்டியிலயே ஏறி உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குறான். இங்க பாரு கூட்டத்தை."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நான் முடிவே செய்துவிட்டேன். இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பாவுக்கும் வயசாகுதுல்ல என்று ஆரம்பிக்கலாமா? அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். வயதான புருஷனும் பெண்சாதியும். அந்த அம்மா பச்சைப் பாவாடையும் ஏப்ரனும் கட்டியிருந்தார், கூட வந்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மேஜை எண்ணைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், முகம் மலர்ந்து சிரித்தார்கள். அந்த அம்மா பெஞ்சுக்குள் கால் வைக்கப்போனார்.

என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். "நோ நோ. ஆளு வருது. பீப்பிள் கமிங்!"

அவர்கள் இன்னும் சிரித்தார்கள். அந்த மனிதர் தாளில் இருந்த பெயரைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டார். இவருக்கு இந்த வித்தை எல்லாம் அத்துப்படி. டிக்கெட் இல்லாதவன்தான் முதலில் நெஞ்சைத் தொடுவான் என்பார். துண்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றினார். "சார், மை டாட்டர் கமிங். சிக்ஸ் பீப்பிள். ஃபுல்!"

நான் திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தேன். பையன் வாசலில் பை சோதனையில் மாட்டிக்கொள்ள, பெற்றவர்கள் வேறு வழியாக முந்தி வந்துவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் அவர்கள் யாரென்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மகள் காட்டிய போட்டோவில் அந்த அம்மாவுக்கு இதே சிரிப்பு. சிரித்தபடியே அவர் எங்கள் மகளின் பெயரைச் சொன்னார், நடுவில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டு.

இவர் கை துண்டிலிருந்து எழும்பவில்லை. முகம் மட்டும் என் பக்கம் திரும்பியது. "நம்ம பிள்ளை பேரு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்த நேரம் பார்த்து வாத்தியம் கிளம்பியது. பந்தல் முழுவதும் எழுந்து பெஞ்சின் மேல் ஏறிக் கையைக் கோத்துப் பாட ஆரம்பித்தது. மூன்று வாரமாக வீட்டுக்குள் மெல்லக்கூடச் சொல்ல முடியாததை நான் அவர் காதில் வாயை வைத்துக் கத்தினேன்.

"நம்ம பொண்ணு கட்டிக்கப்போற பையனோட அம்மாவும் அப்பாவும்ங்க!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்தார். அந்த அம்மா இன்னும் ஒரு காலைப் பெஞ்சுக்கு வெளியே வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என் கணவர் துண்டை எடுத்தார். அதைக் கொண்டே அந்தப் பெஞ்சை ஒருதரம் தட்டித் துடைத்தார். கையைக் கூப்பி, "உக்காருங்க, வாங்க, உக்காருங்க" என்றார். அவர்களும் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் அவசரமாகக் கைப்பையிலிருந்து சேலையை எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியாகத் தடவிப் பார்த்தார். இவரும் அந்தச் சேலையைப் பார்த்தார்.

எதிரே இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்த முகம் மாறாமல் என்னிடம் கேட்டார். "எப்பருந்து தெரியும் உனக்கு?"

"மூணு வாரமா."

"ரெண்டு மணிக்கு அவங்க வருவாங்கன்னு எங்கிட்டயே சொன்னாளே. எனக்குத் தெரியும்னு பாப்பாகிட்ட சொல்லியிருக்கியா?"

"ஆமா."

"ஏன்?"

"உங்க தம்பி மகன் கல்யாணத்துக்கு நீங்க பண்ணினது தெரியாதா? ஒரு வருசம் அந்த வீட்டுப் பக்கம் போகலையே. பயந்துட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். எதிரில் இருந்த மனிதர் ஏதோ கேட்க, "எஸ், எஸ், வெரி குட்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவன் கல்யாணம் பண்ணுனதுக்கா நான் போகலை? பஸ்ஸுல ஒருத்தன் டிக்கெட் வாங்கிக்கிட்டே, உங்க தம்பி வீட்டுல கல்யாணமாமேன்னு கேட்டான். மீதிச் சில்லறையைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் சொல்லலை. அதுக்குத்தான் போகலை."

அத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் நான், அது எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. இதைவிடக் கேவலமான இன்னொன்றும் அந்த இரைச்சலுக்குள் எனக்குப் புரிந்தது. அவர் வேண்டாம் என்பார் என்று நான் பயப்படவே இல்லை. அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றுதான் என் மனசு எங்கேயோ காத்துக்கொண்டிருந்தது. எனக்குத்தான் இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. மகள் அந்த ஊர்க்காரியாகவே ஆகிவிடுவாளே என்று எனக்குத்தான் வயிறு எரிந்தது. நல்லவளாக இருந்துகொண்டு, கெட்ட பெயரை அவர் தலையில் ஏற்றப் பார்த்திருக்கிறேன்.

மகள் பையனுடன் ஓடி வந்தாள். எல்லோரும் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். பையன் நெட்டையாக, காது சிவந்துபோய், தமிழில் "வணக்கம் மாமா" என்றான். பழகிக்கொண்டு வந்திருப்பான் போல. என் கணவர் எழுந்து அவன் தோளைத் தொட்டார். மகள் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அவர்கள் நடுவில் புக முடியாத இடத்தில் இருந்தேன்.

"அப்பா, அம்மா உங்ககிட்ட சொல்லி மூணு வாரமாச்சு. நீங்க ஒண்ணுமே சொல்லலையே. பிடிக்கலைன்னா..."

நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சொன்னா பாப்பா. உங்கம்மா அன்னிக்கே சொல்லிட்டா" என்றார். "எனக்குத்தான் யோசிக்க நாளாயிருச்சு. நீ தப்பா எடுத்துக்காத. பையன் நல்லா இருக்கான். எனக்குச் சம்மதம்தான்னு அவங்க பாசையில சொல்லு."

அவள் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அழுகை நிற்காமலே அவர்களுக்கு மொழிபெயர்த்தும் சொன்னாள். எதிரே இருந்த அம்மாவும் கண்ணைத் துடைத்தார். தட்டு நிறைய முழுக் கோழியாகப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் ஒரு தொடையைப் பிய்த்து முதலில் அந்தப் பையன் தட்டில் வைத்தார், பிறகு மகளுக்கு, பிறகு எனக்கு.

திரும்பி வரும் ரயிலில் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடு" என்றார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அவர்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மகளிடமிருந்து போன் வரும். அவர் பேசி முடித்துவிட்டு என்னிடம் கொடுப்பார், நான் உள்ளே போய்ப் பேசிவிட்டு வருவேன். முன்பெல்லாம் என்ன பேசினாள் என்று கேட்பார். இப்போது கேட்பதில்லை. நானாகவே சொல்கிறேன். அவளுக்குச் சளி பிடித்தது, மாப்பிள்ளை வாங்கிய சைக்கிள், அவர்கள் வீட்டுப் பசு கன்று போட்டது, எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்கிறேன். அவர் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார். நான் சொல்லி முடித்த பிறகும், இன்னும் ஏதாவது இருக்குமோ என்று செத்த நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேப்பரை எடுக்கிறார்.